குளத்துப் பாசியும் என் முதல் கையெழுத்தும்

லாயாங் லாயாங்,
1934 ஆகஸ்டு 12.

பத்து பாகாட்டிலிருக்கும் அன்புள்ள மைத்துனர் வேலு அவர்களுக்கு, உங்கள் அக்காள் கருப்பாயியின் வீட்டுக்காரன் சடையன் எழுதுவது. இங்கு நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை யாரையாவது எழுதச் சொல்லி அனுப்பவும். எனக்கு அந்தக் கஷ்டம் இனி இல்லை. அறுபத்திரண்டு வயதில் ரப்பர் தோட்டத்து வாத்தியாரிடம் படித்து இதை நானே எழுதுகிறேன். இதுவரை எழுத மூன்று நாள் ஆயிற்று.

தோட்டத்துக் குளத்துக்கு இருபது வருஷமாக நான்தான் காவல் என்பது உனக்குத் தெரியும், மச்சான். இந்த வருஷம் பாசி பூத்து, வாளியில் மொண்டால் கீரைக் குழம்பாக வந்தது. ஒரு மாதத்தில் தெளியாவிட்டால் காவல்காரனுக்கு வேலை இல்லை என்று துரை சொல்லிவிட்டார். உடனே ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி சிற்றம்பலம் ஐயா புத்தகம் பார்த்து, பாசி மருந்தான மயில்துத்தத்தைச் சாக்கில் கட்டிப் படகுக்குப் பின்னால் இழுக்கச் சொன்னார். நான் இழுத்தேன். அவர் கரையில் குடை பிடித்து "மெதுவாய், மெதுவாய்" என்று உழைத்தார். மீனெல்லாம் மல்லாந்தது. தண்ணீர் ஆறு நாள் கண்ணாடி, ஏழாம் நாள் மறுபடி கீரை. மூன்று தடவை இப்படியே. காரணம் எனக்குத் தெரியும். மேட்டில் ஐயாவின் கொட்டகை இருக்கிறது, அங்கே ஐந்து மாடு போடுவதெல்லாம் ஓடை வழியே குளத்துக்குத்தான் வருகிறது. மேலேயிருந்து தீனி, படகிலிருந்து மருந்து, பாசிக்கு என்ன குறை? சொன்னேன். "அது புத்தகத்திலே இல்லை, சடையன்" என்றார்.

போன வாரம் சாணி நாற்றம் துரையின் மூக்குக்கே எட்டி, யார் பொறுப்பு என்று எழுதிக் கேட்டார். ஐயா என்னை ஆபீசுக்கு அழைத்து நாற்காலி போட்டார். "உம்மைப் பற்றித் துரைக்கு எழுதியிருக்கிறன். மைப்பெட்டி வேண்டாம், இவர் இப்ப கையெழுத்துக்காரர்" என்றார். கைநாட்டு வைக்கிறவனுக்குத்தான் வாசித்துக் காட்ட வேண்டுமாம், கையெழுத்துக்காரனுக்கு அது அவமரியாதையாம். நாலு எழுத்தையும் கோணாமல் போட்டேன். துரையும் கையெழுத்துப் போட்டதும் நகல் கொடுத்தார். நாளுக்கு ஒரு வரி வாசிக்கிறேன். எட்டில் ஏழு முடிந்தது. நேர்மையானவர், பொய் சொல்லாதவர், குளத்தைப் பிள்ளையாகப் பார்த்தவர் என்றெல்லாம் இருக்கிறது. உன் அக்காள்தான், "அந்த ஐயா சும்மா புகழ மாட்டாரே, கடைசி வரிய மொதல்ல படிங்க" என்கிறாள். வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்பது வாத்தியார் கட்டளை. படிக்காதவளுக்கு எப்படிப் புரியும்?

ஆகவே வேலை உறுதி. தீபாவளிக்குக் குடும்பத்தோடு வந்துவிடு. உங்கள் எல்லாருக்கும் முருகன் நல்ல தண்ணீரும் நீண்ட ஆயுளும் தரட்டும்.

இப்படிக்குத் தன் கையாலேயே,
சடையன்

பின்குறிப்பு: எட்டாம் வரி இன்று முடிந்தது. "கொட்டகையிலுள்ள ஐந்து மாடும் இவருக்கே சொந்தம். குளம் கெட்டது அவற்றால். இவர் வேலையை விட்டு விலகச் சம்மதிக்கிறார்." கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே துரை கையெழுத்து. போட்டதை மீறக் கூடாதல்லவா? மாடுகளை அவிழ்த்துவிட்டோம். நீ வர வேண்டாம், நாங்கள் ஓட்டிக்கொண்டு வருகிறோம், நாலு நாள் நடை. ஐயா பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். நகலைக் காட்டினேன், நின்றுவிட்டார். கொட்டகைக்கு இடம் பார்த்து வை. குளத்துப் பக்கம் வேண்டாம்.