ஐம்பத்து மூன்று முறை தோற்ற மாப்பிள்ளை

அன்புள்ள மைத்துனனுக்கு,

நீயும் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சௌக்கியமாக இல்லை. அதற்கு நீயே காரணம் என்பதால் இந்தக் கடிதம்.

தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் பிறத்தியார் புகாரைப் படித்தே ஓய்வு பெற்றவன் நான். சொந்தமாக ஒன்று எழுதுவது இதுவே முதல் தடவை. மூன்று வருஷத்துக்கு முன் இந்த வரனைக் கொண்டு வந்தபோது நீ என்ன சொன்னாய்? "பையன் விளையாட்டுத் துறைல இருக்காரு அத்தான், சனிக்கிழமை மட்டும் வெளியூர் போவாரு, மத்தபடி தங்கக் கம்பி" என்றாய். நானும் ஏதோ ஆபீஸ், மேஜை, மின்விசிறி என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் வீட்டில் இரண்டு வாரம் தங்கலாம் என்று உன் அக்காவும் நானும் வந்தோம். முதல் நாளே குளியலறையில், ஒரு டம்ளர் தண்ணீருக்குள் பல் வரிசை ஒன்று கிடந்தது. உன் அக்கா அலறிய அலறலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். முப்பத்திரண்டு வயசில் பொய்ப்பல்லா, இதையும் மறைத்துவிட்டானா உன் தம்பி என்று நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். மகள் சாவகாசமாக வந்து, "அது பல் இல்லப்பா, பல்லுக்குப் போடுற உறை. அவரு பாக்ஸிங் பண்றாருல்ல" என்றாள். ஏதோ எனக்குத் தெரிந்த விஷயம் போல! நான் அப்படியே குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். சரி, ஜெயிக்கவாவது ஜெயிக்கிறாரா என்று கேட்டேன். "அம்பத்தெட்டு போட்டி. மூணு ஜெயிச்சாரு, ரெண்டு சமம், அம்பத்துமூணு தோத்தாரு" என்று பரீட்சை மார்க் சொல்வது போலச் சொன்னாள்.

அதுதான் அவருடைய தொழிலாம். ஊருக்கு ஊர் வளர்ந்து வரும் வீரன் ஒருவன் இருப்பானாம். அவனுக்கு அனுபவம் வர, அடி தாங்கி நிற்கிற, ஆனால் ஜெயித்துத் தொலைக்காத ஆள் ஒருவர் வேண்டுமாம். தோற்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. இவராகவே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஆறு ரவுண்டு நின்றுவிட்டு, எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாராம். விழுந்தால் டாக்டர் ஒரு மாதம் மேடையேற விடமாட்டார். ஜெயித்தால் அடுத்த ஊரில் கூப்பிட மாட்டார்கள். "ஒரு தடவைகூட விழுந்ததில்லப்பா" என்றபோது மகள் முகத்தில் இருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும்!

அத்தோடு வாயை மூடிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். எனக்கு வேளை சரியில்லை. போன சனிக்கிழமை சாயங்காலம் மகளோடு நானும் போட்டிக்குப் போனேன். பேட்மிண்டன் கூடத்தின் நடுவே கயிறு கட்டி, சுற்றிலும் மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எதிரே உள்ளூர்க் கட்டட ஒப்பந்தக்காரரின் மகன். அவனுக்குக் கைதட்ட இரண்டு பஸ் நிறைய ஆட்கள். நம்மவருக்கு நாங்கள் இரண்டு பேர். மூன்றாவது ரவுண்டில் எனக்குப் பின்னால் இருந்த இறைச்சிக் கடைக்காரர் ஒருவர், "அந்த மூட்டைய நல்லாக் குத்துடா!" என்று கத்தினார். மூட்டையா? என் மகளின் புருஷன் மூட்டையா? எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல், நாற்காலி மேல் ஏறி நின்று, "என்ன மாப்பிள்ளை, கைய வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா? அடிங்க!" என்று அலறிவிட்டேன். மூன்று வருஷத்தில் என் சொல்லை அவர் தட்டியதே இல்லை. சண்டைக்கு நடுவே என் பக்கம் திரும்பி, வாயில் உறையோடு, "சரிங்க மாமா" என்றார். அடுத்த நொடி இடது கை போனது. ஒப்பந்தக்காரர் மகன் அப்படியே சாய்ந்தான். நடுவர் பத்து வரை எண்ணி முடித்தார். குதித்துக் கூத்தாடிவிட்டு நான் திரும்பினால், மகள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, "ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டீங்கப்பா!" என்கிறாள். போட்டி நடத்துபவர் மாப்பிள்ளையிடம் வந்து, "உங்கள நம்பித்தானேங்க கூப்பிட்டேன்?" என்று கண்கலங்கினார். மாப்பிள்ளையும் அவரிடம் மன்னிப்புக் கேட்டார், ஜெயித்ததற்கு!

திங்கட்கிழமைக்குள் ஐந்து ஊர்க்காரர்கள் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆறாவது ஆளிடம் நானே, "இனிமே ஜெயிக்க மாட்டாருங்க, நான் பொறுப்பு" என்று கெஞ்சினேன். அவர் பாதியிலேயே வைத்துவிட்டார். மாப்பிள்ளை பொழுது போகாமல் என் செருப்பைத் துடைத்து வைக்கிறார். ஒரு கோபச் சொல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மகளோ என்னோடு பேசுவதே இல்லை. "அந்த மனுஷன சாப்பிட வரச் சொல்லும்மா" என்று என் முன்னாலேயே அம்மாவிடம் சொல்கிறாள். பத்து வருஷப் பிழைப்பை ஒரே கத்தலில் கெடுத்தவன் நான். ஆகவே உன் கிடங்கில் அவருக்கு உடனே ஒரு வேலை போட்டுக் கொடு. அடி வாங்காத வேலையாக இருந்தால் போதும். இந்தக் குத்துச்சண்டைப் பேச்சே இனி நம் குடும்பத்தில் எழக்கூடாது.

உன் அக்கா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். உண்மையில் அவள் சொன்னதை எழுத்தில் போட முடியாது. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உனக்கானதை வேலை விஷயம் முடிந்த பிறகு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்

பி.கு.: தபாலில் போடக் கிளம்பும்போது போன் வந்தது. வட்டார சாம்பியனோடு மோத வேண்டியவனுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டதாம். அந்த இடத்துக்கு நம்மவரைக் கேட்கிறார்கள். பட்டப் போட்டி, பத்து ரவுண்டு! மாப்பிள்ளை போனைக் கையால் பொத்திக்கொண்டு, "மாமா, நீங்க வருவீங்களா? நீங்க சொன்னாத்தான் எனக்குக் கை எழும்புது" என்றார். விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் பயம்தான். ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கிடங்கு வேலையை வேறு யாருக்காவது கொடு. சனிக்கிழமை நீயும் வந்து சேர், உன் குரல் என்னுடையதைவிடப் பெரிது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மகள் வெந்நீரோடு வந்து எதிரே நின்றாள். ஐந்து நாளுக்குப் பிறகு நேராக என் முகத்தைப் பார்த்து, "உப்புப் போட்டிருக்கேன், கொப்பளிங்க. சனிக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் பேசாதீங்கப்பா" என்றாள்.