நான்கு மாதக் குழந்தையின் அதிகாரபூர்வ முகம்

என் மகனுக்கு நான்கு மாதம் நிறைவடைந்தபடியால், தான் யார் என்று அரசுக்கு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவனுக்கு வந்து சேர்ந்தது. அடையாள அட்டை இல்லாமல் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். சேர்க்காவிட்டால் நான் வேலைக்குத் திரும்ப முடியாது. என் நாற்காலியில் உட்கார ஒருத்தி ஏற்கெனவே தலைசீவிக் காத்திருந்தாள்.

போட்டோக் கடையில் அலமாரி நிறையக் கேமரா.

"ஒரு படம் எடுக்க எதுக்குண்ணே இத்தனை?"

"ஆளுக்கு ஆள் மாறும் தங்கச்சி. இந்தச் சின்னது துறுதுறுன்னு ஆடுற பிள்ளைங்களுக்கு. இந்த நீள மூக்கு, கேமராவைப் பார்த்தாலே விறைச்சுப் போறவங்களுக்கு. எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுத்துடலாம்."

"பீரங்கி மாதிரி இருக்கே, அந்தப் பெருசு?"

"அதுக்குள்ள ஒண்ணுமே கிடையாது. பெரிய மனுஷங்களைச் சின்னதுல எடுத்தா கோவிச்சுப்பாங்க. அதனால அதைக் காட்டிட்டு இதுல எடுப்பேன்."

சின்னது என் மகனைப் பொக்கைவாய்ச் சிரிப்போடு பிடித்துக் கொடுத்தது.

அடையாள அட்டை அலுவலகத்தில் அதிகாரி அந்தப் படத்தைச் செத்த பல்லியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கினார்.

"சிரிக்கிறானே?"

"குழந்தை சார்."

"சிரிப்புக்கு அனுமதி இல்லை. ஓரத்துல யாரோட விரல்?"

"என்னோடது சார். பிடிக்கலைன்னா சாஞ்சுடுவான்."

"ஒரு அட்டைக்கு ஒரு ஆள்தாம்மா. தனியா உட்கார ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வாங்க."

"அதுக்கு இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகுமே சார்!"

"சட்டத்துக்கு என்ன அவசரம்?"

அவசரம் எனக்குத்தான். ஆனால் வரிசையில் கைகட்டி நின்றே வளர்ந்தவள் நான். நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, படமெடுத்த ஆளையே விசாரணைக்கு வரச் சொன்னார்.

போட்டோக் கடை அண்ணன் பீரங்கியோடு வந்தார். அதைக் கண்டதும் அதிகாரி எழுந்தார், கழுத்துப் பொத்தானைப் போட்டார், மீசையைத் தடவினார்.

"பதவி உயர்வுக்கு என் படம் ஒண்ணு அனுப்பணும். முதல்ல அதை எடுங்க."

பீரங்கி சத்தம் போட்டது. சின்னது படம் எடுத்தது. மனம் குளிர்ந்த அதிகாரி, என் மகன் விஷயத்தை மேலிடமே முடிவு செய்யட்டும் என்று பெருந்தன்மையோடு இரண்டு படங்களையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினார்.

மேலிடம் இரண்டையும் முறைப்படி ஆராய்ந்தது. ஒன்றில் சிரிப்பும் அந்நிய விரலும். மற்றதில் கண் திறந்திருந்தது, வாய் மூடியிருந்தது, உணர்ச்சி எதுவும் தென்படவில்லை. ஆகவே என் மகன் பெயரும் அதிகாரி முகமுமாக அட்டை வந்து சேர்ந்தது.

அதிகாரியிடம் ஓடினேன். "சார், படம் மாறிடுச்சு!"

அட்டையை வெகுநேரம் ரசித்தார். "இதுல ஒரு குறையும் இல்லையேம்மா."

காப்பகத் தலைவி அட்டையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"மீசை?"

"வரும் மேடம்."

"மெதுவா வரட்டும். ஆனா இவன் சிரிக்கிறானே? கார்டுல சிரிப்பு இல்லையே? தினம் வாசல்ல சரிபார்ப்போம். பொருந்தலைன்னா உள்ள விட முடியாது."

அன்றே வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. அவன் சிரித்தால் யாரும் பதிலுக்குச் சிரிக்கக் கூடாது. கணவர், மாமியார், நான், மூன்று பேரும் தொட்டிலைச் சுற்றிக் கண்ணைத் திறந்து வாயை மூடி நின்றோம். முதலில் எங்களைப் பார்த்து அவன் இன்னும் சிரித்தான். பிறகு குறைத்துக்கொண்டான். பிறகு நிறுத்திவிட்டான். காப்பக வாசலில் ஒரு நாளும் தடையில்லை. என் நாற்காலி எனக்கே கிடைத்தது.

"எவ்வளவு சமத்து!" என்றார் மாமியார், முகம் மாறாமல்.

முதல் பிறந்தநாளுக்குக் குடும்பப் படம் எடுக்க அண்ணனை வரவழைத்தோம். சின்னதை வைத்துக்கொண்டு கிலுகிலுப்பை ஆட்டினார், நாய் மாதிரி குரைத்தார். நீள மூக்கோடு எதிர்வீட்டு மாடிக்கும் போய் வந்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இரண்டையும் பைக்குள் வைத்துவிட்டுப் பீரங்கியை எடுத்தார்.

"அண்ணே, அதுக்குள்ள ஒண்ணும் இல்லைன்னீங்களே?"

"ஆமா தங்கச்சி. நாலு பேருக்கும் ஒரே முகம். அதான் ஏற்கெனவே கார்டுல இருக்கே."