பறவை போட்ட தொப்பி

ஆலன், டெக்சாஸ்
18-1-1998, ஞாயிறு

பொள்ளாச்சி மாநகரின் முடிசூடா மன்னரும், முப்பது ஆண்டுகள் "உள்ள போங்க, உள்ள போங்க" என்ற இரண்டே வார்த்தைகளால் பேருந்தை நடத்திய நடத்துநர் திலகமும், என் கல்யாணத்தில் இலவச இணைப்பாக எனக்கு வந்து சேர்ந்த மைத்துனருமான சேனாபதி மச்சானுக்கு, உன் பழைய டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டர் வெள்ளியங்கிரி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் தங்கை தனபாக்கியமும் என் தங்கச்சி கலாவதி வீட்டில் சுகம். அங்கே நீயும் உன் வீட்டாரும் உன் தென்னை மரங்களும் சுகமாக இருக்க எல்லாத் தெய்வங்களையும் கேட்டுக்கொண்டதாக வைத்துக்கொள். உன் வீட்டு போன் மூன்று வாரமாக மணி அடிக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை. அதனால் கூரியரில் எழுதுகிறேன். விஷயம் இதுதான். போன மாதம் இங்கிருந்து ஊருக்கு வந்த வெங்கடகிருஷ்ணனிடம் உனக்காக ஒரு தொப்பி கொடுத்தனுப்பினேன் அல்லவா, நெற்றியில் பறவை போட்ட தொப்பி? இதைப் படிக்கும்போது அது உன் தலையில் இருந்தால் முதலில் கழற்று. பிப்ரவரி நாலாம் தேதிக்குள் அது இங்கே வந்து சேராவிட்டால் கலாவதி மகன் தீபக்கின் காலேஜ் ஸ்காலர்ஷிப் போய்விடும். தொப்பிக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்பாய். நானும் அப்படித்தான் கேட்டேன், மூன்று நாள் தலையைச் சொறிந்தேன், பிறகுதான் புரிந்தது.

இந்த ஊரில் கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டுப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பந்தும் உருண்டையாக இல்லை, உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கிறது. ஆளுக்கொரு இரும்புச் சட்டி மாட்டிக்கொண்டு, சந்தையில் கயிறு அறுத்த காளைகள் போல் முட்டிக்கொள்கிறார்கள். அந்த அறுபது காளைகளுக்கு நடுவே ஒரே ஒருத்தன்தான் பந்தைக் காலால் உதைப்பான். அவன்தான் நம் தீபக். போன வருஷம் அவன் உதைத்த பந்து ஒன்று மேலே போனது போனதுதான், அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் நடுவில்தான் கீழே வந்தது. இப்படி உதைப்பவனைக் காலேஜ்காரர்கள் தேடி வந்து, சம்பளம் கட்ட வேண்டாம், சாப்பாடு போடுகிறோம், எங்களுக்காக உதை என்று அழைத்துக்கொண்டு போவார்களாம். நேரில் வந்து பையனைப் பார்ப்பார்கள், நடையைப் பார்ப்பார்கள், அப்பா அம்மாவிடம் பேசுவார்கள். அட, பொண்ணு பார்க்கிற சமாச்சாரம்! அதற்கொரு விதிப் புத்தகம் வேறு. நம் மோட்டார் வாகனச் சட்டம் அதற்குப் பக்கத்தில் தீப்பெட்டி. எத்தனை தடவை போன் பண்ணலாம், எத்தனை தடவை வீட்டுக்கு வரலாம், எந்த மாதத்தில் பையனோடு பேசவே கூடாது என்று எல்லாம் இருக்கிறது. நமக்கு ஆடி போல அவர்களுக்கும் ஒரு ஆடி! பையனுக்கு ரொட்டி தரலாம், அதன்மேல் தடவ ஒன்றும் தரக்கூடாது என்று ஒரு விதி இருப்பதாகத் தங்கச்சி புருஷன் வேலுமணி சொல்கிறான். அதாவது இட்லி நியாயம், சட்னி குற்றம். முப்பது வருஷம் விதிகளோடு குடும்பம் நடத்திய எனக்கே புல்லரித்துவிட்டது.

தீபக்கைத் தேடி இந்த அகண்ட அமெரிக்காவிலிருந்து வந்தது ஒரே ஒரு காலேஜ். லான்டர்ன் க்ரீக் என்று பெயர், ரொம்பச் சின்னது. அங்கிருந்து டாப்ஸ் என்கிற கோச் டிசம்பர் முதல் வாரம் வீட்டுக்கு வந்தார். தங்கமான மனிதர். கலாவதி மிளகாய் பஜ்ஜியும் கேசரியும் வைத்தாள். மனிதர் பஜ்ஜியைக் கடித்துவிட்டுக் கண்ணீர் ததும்ப, "உங்க பையன நாங்க நல்லாப் பாத்துக்குவோம்" என்று இங்கிலீஷில் சொன்னார். கண்ணீர் பாசத்திலா பஜ்ஜியிலா என்பது விசாரணைக்குரியது. நான் தாய்மாமன், வாய்ப்பேச்சை நம்பி எழுந்து போய்விட முடியுமா? "பேச்சு பேச்சா இருக்கட்டுமுங்க, தட்டு மாத்திக்கலாம்" என்றேன். தீபக் முகம் சிவக்க, "கோச், ஹி வான்ட்ஸ் டு எக்ஸ்சேஞ்ச் ப்ளேட்ஸ்" என்று மொழிபெயர்த்தான். அவர் பாவம், தான் கடித்த பஜ்ஜி இருந்த தட்டையே என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காயோடு ஒரு தாம்பாளத்தை அவர் கையில் கொடுத்தேன். தேங்காயைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் பக்கம் இரண்டடி வைத்துவிட்டார். பதிலுக்கு நீங்கள் ஒரு தட்டு தரவேண்டும் என்று வெறும் தட்டை நீட்டினேன். சட்டைப்பையைத் தடவினார், பேன்ட்டைத் தடவினார், ஒன்றும் இல்லை. கடைசியில் தலையில் இருந்த காலேஜ் தொப்பியைக் கழற்றித் தட்டில் வைத்தார். நான் கைதட்டினேன். நிச்சயம் ஆகிவிட்டது!

அதே வாரம் அடுத்த வீட்டிலும் பொண்ணு பார்த்தார்கள். அந்த வீட்டுப் பையன் பெயர் கோடி. பெயருக்கேற்ற உடம்பு, அவன் எங்கள் சமையலறையைத் தாண்டிப் போனால் டம்ளர்கள் ஆடும். அவனைக் கொண்டுபோக வந்தது ஒரு பெரிய யுனிவர்சிட்டி. ஆறு கார், பன்னிரண்டு பேர், தோட்டத்தில் விருந்து. வேலியோரம் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன், இரண்டு மணி நேரம் எட்டிப் பார்த்தேன். வந்தவன் போனவன் தலையிலெல்லாம் ஒரு தொப்பியைக் கவிழ்த்தார்கள், அந்த வீட்டு நாய் உட்பட. பத்தாம் நாள் கோடி வீட்டு வாசலில் ஒரு சிவப்பு பிக்கப் வண்டி நின்றது. நம்ம ஊர் மாரியம்மன் தேரை அதில் ஏற்றிவிட்டு இன்னும் நாலு பேர் உட்காரலாம். "யாரு கண்ணு வாங்கிக் குடுத்தது?" என்று கேட்டேன். "மை அங்கிள்" என்றான். நான் அசந்துபோனேன், மச்சான். வெள்ளைக்காரன் ஊரிலும் தாய்மாமன் சீர் இருக்கிறதே! அந்த மாமனைப் பார்த்து ஒரு கும்பிடு போடலாம் என்று இரண்டு வாரம் ஜன்னலிலேயே நின்றேன். வேலுமணி ஆபீஸிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அந்த மாமன் வரமாட்டாருங்க மச்சான், அந்த மாமனுக்குப் பேரே கிடையாது" என்று சிரித்தான்.

இதற்குள் நான் என்ன செய்தேன்? மருமகன் பெருமை பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குத் தெரியட்டும் என்று, அலமாரியில் கிடந்த பறவைத் தொப்பியை வெங்கடகிருஷ்ணன் பெட்டியில் திணித்து உனக்கு அனுப்பினேன். அந்த டாப்ஸ் இருக்கிறாரே, அவருக்கு மனசாட்சி என்று ஒரு வியாதி. பையன் வீட்டில் நான் ஒரு தொப்பி கொடுத்துவிட்டேன், அது குற்றம் என்று தானாகவே சங்கத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். சங்கம் என்றால் இந்த ஆட்டத்துக்கே டிக்கெட் செக்கிங் செய்கிற இடம். போன புதன்கிழமை பெவர்லி என்கிற அம்மாள் ஃபைலோடு வந்து இறங்கினாள். அவள் நடையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நம்ம ஜாதி, ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற ஜாதி. எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துக் கேட்டாள். என் முறை வந்தது. "சார், ஆர் யூ எ பூஸ்டர்?" என்றாள். இதைக்கூடவா விசாரிப்பார்கள் என்று ஆச்சரியப்பட்டு, "எஸ் மேடம். டெய்லி. மார்னிங் ஒன் டம்ளர், ஈவ்னிங் ஒன் டம்ளர்" என்றேன். அவள் பேனா நின்றது. "எவ்வளவு காலமாக?" என்றாள். "ட்வென்டி இயர்ஸ். ஹோல் ஃபேமிலி" என்று பெருமையாகச் சொன்னேன். தீபக் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். காலேஜ் டீமுக்காகப் பையன்களுக்குக் கள்ளத்தனமாகச் சீர் செய்கிற பெரிய மனிதனுக்குத்தான் இங்கே பூஸ்டர் என்று பெயராம்! கலாவதி உள்ளே ஓடிப்போய் பூஸ்ட் டப்பாவைக் கொண்டுவந்து, ஒரு டம்ளர் கலக்கிக் கொடுத்தாள். அதைக் குடித்துப் பார்த்த பிறகுதான் அந்த அம்மாள் என் வாக்குமூலத்தை அடித்தாள்.

இனிமேல்தான், மச்சான், கதை. போகும்போது தீர்ப்பு எழுத அவளுக்கு ஒரு மேஜை வேண்டியிருந்தது. தெருவுக்குப் போனவள், கோடியின் சிவப்பு வண்டி மூக்கின்மேல் ஃபைலை விரித்து, அதன்மேல் சாய்ந்துகொண்டே தொப்பியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். அந்தத் தொப்பியே பிப்ரவரி நாலுக்குள் காலேஜுக்குத் திரும்ப வேண்டும், அன்றுதான் பையன்கள் கையெழுத்துப் போடும் நாள், வராவிட்டால் தீபக் அங்கே கையெழுத்துப் போட முடியாது. எனக்கு ஆவல் தாங்கவில்லை. "மேடம், இந்த வண்டி?" என்று தொட்டுக் காட்டினேன். அவள் வண்டியை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள். "சார், என் ஃபைலில் தொப்பிதான் இருக்கிறது" என்றாள்.

மச்சான், எனக்கு அப்படியே உடுமலை ரோடு ஞாபகம் வந்துவிட்டது. எழுபத்தெட்டாம் வருஷம், உன் பஸ்ஸில் ஏறினேன். பின்னால் ஒரு கிழவர் மடியில் கூடை, கூடைக்குள் கோழிகள், லக்கேஜ் டிக்கெட் போடவில்லை என்று உனக்கு மெமோ எழுதினேன். முன் சீட்டில் டிக்கெட்டே இல்லாமல் முதலாளியின் மச்சினன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீ அவனைக் காட்டி, "மாப்ள, இது?" என்று கேட்டாய். "எனக்கு வந்த கம்ப்ளைன்ட் கோழிதான்" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு ஒரு வணக்கமும் வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். அந்த மெமோவால் உனக்கு டிரைவராகும் வாய்ப்புக் கிடைக்காமல் போனது. உன் தங்கை ஒரு வருஷம் என் தட்டில் பார்த்துப் பேசினாளே தவிர முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இருபது வருஷமாக என் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். கேட்கிற இடத்தில் நான் நிற்கும்போதுதான் அந்தப் பதில் எப்படி இருக்கிறது என்று தெரிகிறது. மன்னித்துக்கொள்.

தீபக் மூன்று நாளாகப் பந்தைத் தொடவில்லை. பின்கட்டுப் புல்லில் அது மழையில் நனைந்து கிடக்கிறது. "ஏண்ணா, ஒரு மனுசன் வூட்டுக்கு வந்தா சோத்தப் போட்டு அனுப்ப வேண்டீதுதான? தட்டு மாத்தறதுக்கு இதென்ன கல்யாணமா?" என்று கலாவதி ஓயாமல் திட்டுகிறாள், அதைத் தாங்கிக்கொள்வேன். அவனிடம் போய், "மாமா பண்ணுனது தப்புத்தான் கண்ணு" என்றேன். "இட்ஸ் ஓகே மாமா. இட்ஸ் ஜஸ்ட் எ ஹேட்" என்று என் முதுகைத் தட்டிவிட்டுப் போனான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகையால் மச்சான், தொப்பியைத் துவைக்காதே, தேய்க்காதே, உன் எண்ணெய்த் தலையின் வாசனையோடு அப்படியே கோயமுத்தூர் போய்க் கூரியரில் போடு. உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், உன் மாடுகள் நிறைந்த மடியோடும், உன் போன் ஒருநாளாவது எடுக்கப்பட்டும் வாழ்க என்று இந்த டெக்சாஸ் மண்ணில் நின்று இரு கையும் தூக்கி வாழ்த்துகிறேன். தனபாக்கியம் விசாரித்தாள்.

இப்படிக்கு,
முன்னாள் இன்ஸ்பெக்டர், இந்நாள் குற்றவாளி,
வெள்ளியங்கிரி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கலாவதி கத்தினாள். தொப்பி திரும்பி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு சாமிக்குத் தேங்காய் உடைக்கப் போனவள், அந்தத் தேங்காய் உருளாமல் இருக்க அடியில் வைத்திருந்ததே அந்த டாப்ஸ் தொப்பிதான் என்று கண்டுபிடித்தாள். டாப்ஸ் தொப்பியில் ஆந்தையாம். உன் தலையில் இருப்பது கழுகாம், அடுத்த வீட்டு விருந்தில் நாய்க்கு முன்னால் என் தலையில் வைத்த பெரிய யுனிவர்சிட்டித் தொப்பி. எனக்கு இரண்டும் கோழி மாதிரிதான் தெரிந்தது. எனவே அதை அனுப்பாதே. அதை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள், தைரியமாகப் போட்டுக்கொண்டு நட. தீபக் வெளியே பந்தை உதைக்கிற சத்தம் கேட்கிறது. நாளைக்கு லான்டர்ன் க்ரீக் போய் ஆந்தையை ஒப்படைக்கிறோம். வேலுமணி கார் ஒர்க்‌ஷாப்பில் இருப்பதால், கோடி தன் சிவப்பு வண்டியில் கூட்டிப்போகிறான். சீட்டெல்லாம் மெத்தையாம். முன் சீட்டு எனக்குத்தான் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், மச்சான். வழியில் டிக்கெட் கேட்டு யாரும் ஏறமாட்டார்கள்.