விழிதியூருக்கு நான் கொடுத்த வெளிச்சம்

ஒன்றுமே தெரியாதவரை நம்பலாம். கொஞ்சம் தெரிந்தவரை நம்பக் கூடாது. ஒன்றும் தெரியாதவர் வாயை மூடிக்கொண்டாவது இருப்பார்.

நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள். 'மேசை வட்டமாக இருக்கிறது' என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (மேசை சதுரமாக இருந்துவிட்டால் திண்டாட்டம்தான்.) இதை வைத்துக்கொண்டு என் அப்பா, "எம்பொண்ணுக்கு பிரெஞ்சு தண்ணிபட்ட பாடு" என்று காரைக்கால் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சைகோன் சித்தப்பா வந்து சேர்ந்தார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வியட்நாமில் சைகோனில் பிறந்து, பிரான்சில் வேலை பார்த்து, பென்ஷனோடு காரைக்காலில் குடியேறிய பிரெஞ்சுப் பிரஜை. தமிழில் அவருக்கு 'சோறு', 'வெயில்', 'போதும்' மூன்றும் நன்றாக வரும். சின்ன வயதிலேயே புத்த மதத்தில் ஊறியவர். புத்தர் எங்கோ இருக்கும் பெரியவர் இல்லை, அந்த ஞான ஒளி படித்தவர், படிக்காதவர், ஆண், பெண் எல்லோருக்குள்ளும் ஏற்கெனவே இருக்கிறது, அதை யாரும் தர வேண்டியதில்லை என்பது அவர் நம்பிக்கை. (இது எனக்கு விளங்கியபோது காரியம் கெட்டுப்போயிருந்தது.)

தன் தகப்பனார் பிறந்த விழிதியூரில் இதை ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று சித்தப்பா ஆசைப்பட்டார். மொழிபெயர்க்க நான் இருக்கவே இருக்கிறேனே!

நின்றுகொண்டே பஸ்ஸில் போனோம். ஊர்க் கடைசியில் ஒரு தெரு. மின்கம்பம் அந்தத் தெருமுனையோடு நின்றுவிட்டிருந்தது. நடவு முடித்து வந்த சனம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. எனக்கும் வெயிலில் தலை சுற்றியது. சித்தப்பா கண்களை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினார். பத்துச் சொல்லுக்கு ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது.

முதலில் பிடிபட்டது 'விழிப்பது'.

"எல்லாரும் முழிச்சுக்கணும்னு சொல்றாருங்க" என்றேன்.

முன்வரிசையில் இருந்த அஞ்சலை கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "ஊரு பேருலயே விழி இருக்கு. கோழி கூவுறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கிறோம். இன்னும் எப்பம்மா முழிக்கிறது?" என்று கேட்டாள்.

நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். அடுத்து 'லுமியேர்' என்று ஒரு சொல் வந்தது. அது வெளிச்சம்! எனக்குத் தெரிந்த சொல்! தாகத்தில் தவித்தவள் தண்ணீரைக் கண்டதுபோல அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏழை, பணக்காரர் வித்தியாசம் இல்லாம எல்லாருக்கும் வெளிச்சம் உண்டுங்க. யாரும் வந்து குடுக்கணும்னு காத்திருக்க வேணாம். யாரையும் கேக்கவும் வேணாம். நீங்களே ஏத்திக்கலாம்!"

சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "நெசமாவா?" என்றாள் அஞ்சலை. சித்தப்பாவுக்குக் கேள்வி புரியவில்லை. முகங்கள் மலர்ந்தது மட்டும் தெரிந்தது. நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். நானும் என்னைப் பெரிய ஆளாகவே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தத் தெருவே சேர்ந்து மின்கம்பியில் கொக்கி போட்டிருக்கிறது. ஒரே வெடிச்சத்தம். டிரான்ஸ்பார்மர் போய், ஊர் முழுக்க இருட்டு. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மின்சார ஆபீஸில் எங்களை வரச்சொன்னார்கள். அஞ்சலையும் அவள் புருஷனும் சுவரோரம் நின்றிருந்தார்கள். எஞ்சினியர் சித்தப்பாவைப் பார்த்து, "வெளிநாட்டுக் குடிமகன் நீங்க. சனங்களைத் தூண்டி விட்டீங்கன்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமா? கேட்டுச் சொல்லும்மா!" என்றார்.

கொக்கிக்கு பிரெஞ்சில் என்ன சொல்? கையாலும் காலாலும் நடித்துக் காட்டினேன். கடைசியில் கையை உயர்த்தி 'டமார்' என்றேன். சித்தப்பாவுக்கு முகம் வெளிறியது. என்னைத் திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ எழுந்து, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டி, "நான்" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குள் அஞ்சலை முன்னால் வந்துவிட்டாள். "அய்யாவை ஒண்ணும் சொல்லாதீங்க. கம்பி போட்டது நாங்கதான். மனு குடுத்துக் காத்திருந்து அலுத்துப் போயிட்டோம். நமக்கும் உண்டுன்னு ஒருத்தர் சொன்னதும் கை சும்மா இருக்கலீங்க."

எஞ்சினியர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "கொக்கியெல்லாம் வேணாம். மறுபடி மனு குடுங்க, பார்ப்போம்" என்றார்.

மனுவைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா அந்த ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். கூடவே நானும். வெயிலும் படிக்கட்டும் பெஞ்சும். நினைத்தால் இப்போதும் கால் வலிக்கிறது. ஒருவழியாகத் தெருவுக்குள் கம்பம் வந்தது. முதல் விளக்கு எரிந்த அன்று அஞ்சலை சித்தப்பாவை நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். எனக்கும் ஒரு சோடா கிடைத்தது.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணுக்கு பிரெஞ்சு தெரியுமாமே?" என்று கேட்டார்கள். அப்பா வாயெடுப்பதற்குள் அம்மா, "தெரியுங்க. ஆனா பேச மட்டும் சொல்லிடாதீங்க, ஊரே இருட்டாயிடும்" என்று சொல்லிவிட்டாள்.

அன்று சிரித்த மாப்பிள்ளை இன்னும் நிறுத்தவில்லை. வீட்டில் மின்சாரம் போகும்போதெல்லாம் இருட்டிலிருந்து அவர் குரல்தான் முதலில் வருகிறது: "இப்ப யாருடி பிரெஞ்சு பேசினது?"