ஸ்கில்லட் ஆற்றைக் கடந்த கர்னல்

ஆற்றைக் கடக்கப் பாலம் எதற்கு, நல்ல சொற்பொழிவு ஒன்று போதுமே என்ற மகத்தான உண்மையை மனித குலத்துக்கு வழங்கியவர், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஹாலோவெல் ஊரின் விவசாயியும் போர்வீரரும் ஊராட்சித் தலைவருமான ஓரின் ப்ளாட்ஜெட் அவர்கள்தான். இந்த மூன்று தொழில்களில் ஒன்று இன்னொன்றுக்கு இடைஞ்சலாவதை அவர் அனுமதித்ததே இல்லை. குறிப்பாக, விவசாயத்தை.

உழுவது, பால் கறப்பது, பன்றிக்குத் தீனி வைப்பது போன்ற 'சில்லறை வேலைகளை' அவர் மனைவி லவினா பார்த்துக்கொண்டாள். மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது கணவர் பொறுப்பு. பார்த்துப் பார்த்துக் கழுத்து வலியே வந்துவிட்டது. நாட்டுக்காகப் பொறுத்துக்கொண்டார்.

தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோகிறோம் என்று கிளம்பியபோது, தடுக்கப் போன படையில் அவரும் போனார். கோவேறு கழுதை வண்டி ஓட்டினார். சாதாரணச் சிப்பாயாகப் போனவர் சாதாரணச் சிப்பாயாகவே திரும்பினார். பதவி உயர்வெல்லாம் சமாதானம் வந்த பிறகுதான் வந்தது. முதல் தேர்தலில் ஊர் வாயில் சார்ஜென்ட் ஆனார். அடுத்ததில் கேப்டன். இப்போது கர்னல். அமைதி இப்படியே நீடித்தால் ஜெனரலும் ஆகிவிடுவார் என்று ஊர் நம்பியது. இடது தொடையில் ஒரு வீரத் தழும்பும் உண்டு. அதன் வடிவம் கழுதைக் குளம்பை ஒத்திருந்தது தற்செயல்.

ஹாலோவெலுக்கு ஒரே குறை ஸ்கில்லட் ஆறு. பண்ணைகள் இந்தக் கரையில். பாலை வாங்கும் சீஸ் ஆலை அந்தக் கரையில். பனி உருகி வெள்ளம் வந்தால் பால் வண்டி போக வழியில்லை. இதில் அதிகம் அடிபட்டவள் நார்வேயிலிருந்து வந்து குடியேறிய ராக்னில்டு. அவள் புருஷன் ஓரினோடு ஒரே படையில் போனவன், திரும்பவில்லை. அவளுக்கு மிஞ்சியது மாடுகள்தான்.

ஏப்ரலில் ஊர்க்கூட்டம் நடந்தது. ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஜனநாயகம் நடத்தினார்கள். பெண்கள் அடுப்போரம் நின்று காப்பி ஊற்றினார்கள்.

"கர்னல் ஐயா, பாலம் எப்பங்க வரும்?" என்று ராக்னில்டு கேட்டாள். "போன வாரம் பூரா பாலைப் பன்னிக்குத்தான் ஊத்துனேன். என் பன்னி என்னைவிட நல்லா சாப்பிடுது."

ஓரின் எழுந்தார். தொடையைத் தடவிக்கொண்டார். "அம்மா, பாலம் மரத்தால ஆனது. மரம் மக்கிப் போயிரும். தியாகம் மக்குமா?"

"மக்காதுங்க. ஆனா தியாகத்து மேல வண்டி ஓட்ட முடியாதே."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். பாலத்துக்கென வசூலித்த வரியில், அக்கரை மேட்டில் கல்லாலான போர்வீரன் சிலை ஒன்று நிறுத்தப்படும் என்று தலைவர் அறிவித்தார்.

"எதிர்ப்பு உண்டா?" என்றார் எழுத்தர் ஜாஸ்பர் டட்டில்.

"நான் எதிர்க்கிறேன்," என்றாள் லவினா, காப்பிக் கெட்டிலைக் கீழே வைக்காமலே.

"லவினாம்மா, உங்களுக்கு ஓட்டு கிடையாதே. ஆனா உங்க ஆப்பிள் பை பலகாரம் பிரமாதம்." அத்துடன் தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது.

வீட்டுக்கு வந்ததும் சிலையின் படத்தை அவள் விரித்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது யாரு மூஞ்சி?"

"பேர் தெரியாத வீரன், லவினா."

"பேர் தெரியாதவனுக்கு உங்க தாடி எப்படிங்க வந்துச்சு?"

"போர்ல எல்லாருக்கும் தாடி இருந்துச்சு."

"ராக்னில்டு புருஷனுக்கு இல்லையே. அவனுக்கு மீசையே அப்பத்தான் அரும்பிச்சு."

கர்னல் தாடியைத் தடவிக்கொண்டார். வழக்கம்போல வானத்தைப் பார்த்தார். வீட்டுக்குள் இருந்ததால் உத்தரம்தான் தெரிந்தது.

கல்வீரன் ரயிலில் வந்து இறங்கினான், இந்தக் கரையில். சிலையை நிறுத்த வேண்டியது அந்தக் கரையில். இந்தச் சிறு நுணுக்கம் தீர்மானத்தில் விடுபட்டிருந்தது. எருதுகள் பூட்டிய வண்டியில் அவனைக் கிடத்திக் கட்டினார்கள். கொடி பறந்தது, பேண்டு வாத்தியம் முழங்கியது. ஓரின் வண்டியில் ஏறி, வீரனின் நெஞ்சில் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"தண்ணி ஏறிக் கிடக்கு. இன்னைக்கு வேணாங்க," என்றாள் லவினா.

"போர்ல டென்னசி ஆத்தையே கடந்தவன் நான்!"

"கழுதை கடந்துச்சு. நீங்க வண்டியில உக்காந்திருந்தீங்க."

வண்டி ஆற்றில் இறங்கியது. நட்டாற்றில் எருதுகள் நின்றுவிட்டன. அவற்றை ஊக்குவிக்க கர்னல் உரையாற்றத் தொடங்கினார். "வீரர்களே!" என்றதுதான் தாமதம், சக்கரம் ஒன்று பள்ளத்தில் இறங்கி, கட்டு அறுந்து, கல்வீரன் குப்புறச் சரிந்தான். கர்னல் அவனுக்கு முன்னால் தண்ணீருக்குள் போய்ச் சேர்ந்தார். தொப்பி மட்டும் பதற்றமின்றித் தெற்கு நோக்கி மிதந்தது. நுகத்தடி முறிந்ததும் எருதுகள் தாமாகவே கரையேறின. நிறுத்தச் சொல்லி உத்தரவு வராததால் பேண்டு தொடர்ந்து வாசித்தது.

ராக்னில்டுதான் பாவாடையை அள்ளிச் செருகிக்கொண்டு இடுப்பளவு நீரில் பாய்ந்தாள். கர்னலின் கழுத்துப் பட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"விடும்மா, பட்டை கிழியுது!"

"கிழியட்டுங்க. நீங்க வாங்க."

கன்றுக்குட்டியை இழுப்பதுபோல் இழுத்துக் கரையில் போட்டாள். மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "எதிரிகளின் சதி!"

கல்வீரனை யாராலும் அசைக்க முடியவில்லை. முதுகு மட்டும் நீருக்கு மேலே தெரிய, நட்டாற்றில் குப்புறக் கிடந்தான். அவனைத் தூக்குவது பற்றி ஆராய ஆண்கள் ஒரு குழு அமைத்தார்கள். குழுவுக்குத் தலைவர் யார் என்று ஆராய இன்னொரு குழு அமைத்தார்கள்.

வெள்ளம் சற்று வடிந்ததும் லவினா கரையில் நின்று அந்த முதுகையே பார்த்தாள்.

"ராக்னில்டு, உன் தொழுவத்துல பலகை கிடக்குதாடி?"

"கொஞ்சம் கிடக்குக்கா."

"பத்தலேன்னா என் தொழுவமே இருக்கு. வா."

ஊர்ப் பெண்கள் திரண்டார்கள். தொழுவச் சுவரைப் பெயர்த்தார்கள். இரு கரைகளுக்கும் சிலைக்கும் நடுவே கல்லை அடுக்கி, வீரனின் முதுகின்மேல் உத்தரங்களைக் கிடத்திப் பலகை அடித்தார்கள். ஆண்கள் கரையில் நின்று ஆணி எப்படிப் பிடிப்பது என்று விளக்கினார்கள். ஜாஸ்பர் டட்டில் ஓடி வந்தார்.

"தீர்மானம் இல்லாம பாலம் கட்டுறது சட்டவிரோதம்!"

"பாலம்னு யாருங்க சொன்னா?" என்றாள் லவினா, வாயில் ஆணியோடு. "ஈரப் பலகையைக் காயப் போடுறோம்."

முதலில் கடந்தது ராக்னில்டின் பால் வண்டி. நடுவில் அவள் குதிரையை நிறுத்தினாள். பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தாள். குப்புறக் கிடந்தவனுக்குத் தாடி இருந்ததா இல்லையா என்று மேலிருந்து தெரியவில்லை. லேசாகச் சிரித்துவிட்டுக் குதிரையைத் தட்டினாள். அன்றைக்குப் பால் திரியாமல் ஆலை போய்ச் சேர்ந்தது.

இந்தச் சாதனையை ஓரின் ப்ளாட்ஜெட் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார். "இந்தப் பாலத்தைத் தாங்குறது யாரு? ஒரு வீரனின் முதுகு!" என்று அவர் தழுதழுத்தபோது பெஞ்சுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இலையுதிர் காலத் தேர்தலில் அவர் அமோகமாக வென்று, ஜெனரலாகி, மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். அங்கே அவருடைய அனுபவத்தை மதித்துச் சாலைகள், பாலங்கள் குழுவின் தலைவராக்கினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் பெண்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்ற மனு அவைக்கு வந்தது. முதல் கையெழுத்து லவினாவுடையது. அவளும் ராக்னில்டும் மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனரல் எழுந்தார். தொடையைத் தடவிக்கொண்டார். மாடத்தைப் பார்ப்பதைத் தவிர்த்து, நாட்டின் எதிர்காலத்தைக் கூரையில் தேடினார். பிறகு நெஞ்சில் கை வைத்து, உண்மையான கவலையோடு கேட்டார்:

"கனவான்களே! பெண்களெல்லாம் ஓட்டுப் போடக் கிளம்பிட்டா, அப்புறம் ஊர்ல பாலம் யாருங்க கட்டுறது?"

அவை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அத்தனை பேர் ஊரிலும் பெண்கள் கட்டிய பாலம் ஒன்று இருந்திருக்கிறது போல.