ஆறு அறை டப்பாவும் அவித்த முட்டைப் பல்லும்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகமாக இல்லை. நீங்கள் சுகமா என்று கேட்கப்போவதுமில்லை. தினமும் விடிந்ததும் கைபேசியில், உங்கள் சமையல் காணொளியில், பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, குடைமிளகாயை முகத்துக்கு நேராகப் பிடித்துச் சிரித்தபடி நீங்கள் வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சுகமில்லாத மனிதன் குடைமிளகாயைப் பார்த்து அப்படிச் சிரிக்க மாட்டான். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அதையும் பதிவு செய்து, ஒரு தகப்பனின் கதறல் என்று தலைப்பு வைத்து ஏற்றிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் தங்கை ஆபரேஷன் தியேட்டர் பயிற்சிக்காக வெளியூர் போயிருப்பது உங்களுக்குத் தெரியும். முடித்து வந்தால் தலைமை நர்ஸ். வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுக் கிடைத்த இடம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “பாப்பாவுக்குப் புது ஸ்கூலு. மிரண்டு போயிருக்கா. மதியம் சாப்பிடலைன்னு எனக்குத் தெரிஞ்சுது, பாதியிலேயே கிளம்பி வந்துடுவேன்.” சொன்னால் செய்கிற ஆள். கூடப் பிறந்த உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆக, எங்கள் ஏழு வயதுப் பெண் மதியம் என்ன சாப்பிடுகிறாள் என்பதில் என் மனைவியின் உத்தியோகம் தொங்கிக்கொண்டிருந்தது. நானோ பல் செட் செய்கிறவன். மெழுகு, பிளாஸ்டர், அச்சு, அரம் இவைதான் என் உலகம். சமையலில் எனக்குத் தெரிந்தது முட்டை அவிப்பது. அதுவும் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால்.

இந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் மூக்கை நுழைத்தீர்கள். ஆறு அறை உள்ள ஒரு டப்பாவைப் பார்சலில் அனுப்பி என் தலையில் கட்டினீர்கள். சாப்பாடு ஐந்து நிறத்தில் இருக்க வேண்டும், கேரட் கண்ணுக்கு, பீட்ரூட் ரத்தத்துக்கு, எல்லாவற்றுக்கும் மேல் குழந்தை மூடியைத் திறந்ததும் சிரிக்க வேண்டும் என்று போனில் ஒரு பாடம் வேறு எடுத்தீர்கள். உங்களுக்குக் கல்யாணமாகவில்லை. குழந்தை இல்லை. இதுவரை உங்கள் கையால் சாப்பிட்டு வளர்ந்த ஒரே ஜீவன் அந்தத் தொட்டி மீன், அதுவும் ரொம்ப நாள் சாப்பிடவில்லை. இருந்தாலும் என் மனைவியின் அண்ணனாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு கேட்டேன். அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது.

முதல் நாள் உங்கள் வெள்ளரிக்காய்ப் புழு. வட்ட வட்டமாக நறுக்கிக் குச்சியில் கோத்து, திராட்சையில் தலை செய்து, எள்ளால் இரண்டு கண் வைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, அம்சமாக வந்திருந்தது. அதுதான் வினை. மகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்த ஒன்றை எப்படிச் சாப்பிடுவாள்? பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, என் சோப்புப் பெட்டியில் பஞ்சு விரித்துப் படுக்கவைத்து, போர்த்திவிட்டாள். அது அழுகி நாற ஆரம்பித்ததும் எடுத்து எறியப் போன என்னைக் கொலைகாரனைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். உங்கள் காணொளியில் ஆயிரம் பேர் கைதட்டியிருக்கிறார்கள். ஒருவர்கூடப் புழு எப்போது செத்தது என்று கேட்கவில்லை.

அடுத்து நட்சத்திர ரொட்டி. ரொட்டியில் நட்சத்திரம் வெட்டினால் நட்சத்திரத்தைவிட மிச்சம்தான் அதிகம் என்பதை எந்த மகானும் காணொளியில் காட்டுவதில்லை. அந்த மிச்சமெல்லாம் எங்கே போகிறது என்று நான் சொல்கிறேன். பெற்ற அப்பன் வயிற்றுக்குள் போகிறது. காலையில் மூலை, மதியம் விளிம்பு, சாயங்காலம் மகள் தொடாமல் கொண்டுவந்த நட்சத்திரம். டப்பா தினமும் போன மாதிரியே திரும்பி வந்தது, மச்சான். தினமும். பள்ளி வாசலில் நின்றபடியே நான் அதைத் தின்று தீர்த்துவிட்டு, உங்கள் தங்கை போன் செய்யும்போது டப்பா காலி என்றேன். காலி என்பது உண்மைதானே. ஆனால் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் மெலிந்துவிட்டாளோ, மெலிந்துவிட்டாளோ என்று விரலால் அளந்து பார்ப்பேன். நல்லபடியாக வளர்ந்தது என் தொந்தி ஒன்றுதான்.

உங்களிடம் யோசனை கேட்டேன். சிரித்த முகம் செய்து வையுங்கள் மாப்பிள்ளை, சிரித்த முகத்தைப் பார்த்தால் சாப்பிடாத குழந்தையே கிடையாது என்றீர்கள். சிரிப்பா? என்னிடமா? பிழைப்பே அதுதானே என்று எனக்கும் ஒரு திமிர் வந்துவிட்டது. நீங்கள் தக்காளியைக் கீறி உதடு என்பீர்கள். நான் தொழிலாளி. அவித்த முட்டையின் வெள்ளையை லேபிலிருந்து கொண்டுவந்த கத்தியால் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கினேன். பீட்ரூட் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து, அழுத்தி, ஈறு பிடித்தேன். மேல் வரிசை, கீழ் வரிசை, கடைவாய்ப் பல்லின் குழியைக்கூட விடாமல் செதுக்கினேன். இயற்கையாக இருக்கட்டும் என்று முன்பல் ஒன்றை லேசாகச் சாய்த்தும் வைத்தேன். ஐந்து நிறம் வேண்டும் என்றீர்களே என்று நாக்குக்குக் கேரட். எங்கள் பல் டாக்டர் பார்த்திருந்தால் சம்பளத்தை உயர்த்தியிருப்பார்.

வகுப்பில் மூடியைத் திறந்ததும் முன்வரிசை அலறியது, பின்வரிசை பெஞ்சில் ஏறி எட்டிப் பார்த்தது. வகுப்பு டீச்சர் ஓடிவந்து, இது யார் பல் என்று நடுங்கிக் கேட்டிருக்கிறார். என் மகளுக்கு அப்பா பெருமை தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்று கணீரென்று சொல்லியிருக்கிறாள். “எங்கப்பா செஞ்சது மிஸ். உங்க முன்பல்லு ரெண்டும்கூட அவர்தான் செஞ்சார்.” உண்மைதான். சாப்பாட்டு மேசையில் என்றைக்கோ நான் பீற்றிக்கொண்டது. தொழிலில் முதல் விதியே யார் வாயில் எது பொய் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது. என் விதி காற்றில் பறந்தது. வகுப்பு மொத்தமும் அன்று முழுக்க டீச்சர் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் எனக்கு அழைப்பு. குழந்தைகள் உட்காருகிற குட்டி நாற்காலி ஒன்றில், முழங்கால் மோவாயில் இடிக்க, டீச்சருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். மன்னிப்பை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நான் தடுமாற, அவர் மெதுவாகச் சொன்னார்.

“பல்லு நல்லாத்தான் இருக்கு சார். உங்க வீட்டு வாய்தான் கொஞ்சம் பெருசு.”

என்ன சொன்னாலும் தகும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம்தான் என் அடிமனதில் இருந்த பயத்தை அவரிடம் கேட்டேன், குழந்தை மதியம் பட்டினியா என்று. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் செய்து கொடுத்த அந்த இரண்டு பல்லும் தெரியவே சிரித்தார். “பட்டினியா? பக்கத்துப் பொண்ணு கொண்டுவர்ற சோத்துலயும் உருளைக்கிழங்குலயும் பாதி இவதான் சாப்பிடுறா. உங்க டப்பாவ எல்லாரும் சுத்தி நின்னு பாப்பாங்க. பாத்து முடிச்சதும் மூடிடுவாங்க. அது திங்கிற சாமான்னு அங்க ஒருத்தருக்கும் தோணல.”

கேட்டீர்களா மச்சான்? விடியுமுன் எழுந்து நான் அடுக்கிய வானவில்லும் செதுக்கிய சிரிப்பும் ஊருக்குக் கண்காட்சி. குழந்தைக்குச் சோறு போட்டது, பெயர்கூடத் தெரியாத இன்னொரு வீட்டுக்காரியின் உருளைக்கிழங்கு. அன்றே உங்கள் ஆறு அறை டப்பாவில் திருகாணிகளைக் கொட்டி வைத்தேன். ஒவ்வொரு அறைக்கும் ஒரு அளவு, அதற்குத்தான் அது லாயக்கு. பழைய வட்ட டப்பாவை எடுத்து, சோறு, அதன்மேல் வதக்கிய உருளைக்கிழங்கு, ஓரத்தில் முட்டை, மூடி. செதுக்கவில்லை, கோக்கவில்லை, எதற்கும் கண் வைக்கவில்லை. போன வாரம் பூராவும் டப்பா வழித்து நக்கின மாதிரி திரும்பி வந்தது. உங்கள் தங்கைக்கும் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். திட்டு தனியாகக் கிடைத்தது. ஆனால் பயிற்சியை முடித்துவிட்டே வருகிறேன் என்றாள். எனக்கு அது போதும்.

ஆகவே, குழந்தைக்குத் தேவை சோறு, பொம்மலாட்டம் இல்லை என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். இனி நீங்கள் முள்ளங்கியில் முயல் செய்தாலும் சரி, முயலில் முள்ளங்கி செய்தாலும் சரி, எனக்கு அனுப்ப வேண்டாம். கைபேசியில் உங்களைத் தொடர்வதை நிறுத்திவிட்டேன். அதற்கான பொத்தானை அழுத்த மகள்தான் சொல்லிக் கொடுத்தாள். கடிதம் என்றால் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லி முடிக்க வேண்டும். உங்கள் வீட்டில் உங்களைத் தவிர யாரும் இல்லை என்பதால் இரண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். நேரத்துக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
உங்களால் ஒரு சுற்றுப் பெருத்துவிட்ட
தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். டப்பாவில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. ரொம்ப நேரம் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள். “இப்பல்லாம் என் டப்பாவ பாக்க யாரும் வர்றதில்லப்பா. பக்கத்துப் பொண்ணும் வேற இடத்துல உக்காந்துட்டா.” வெள்ளரிக்காயில் முதலை செய்வீர்களே மச்சான், வாயைப் பிளந்துகொண்டு நிற்குமே, அது சாயாமல் எப்படி நிற்கிறது? பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், இன்று ராத்திரியே போன் செய்யுங்கள். வெள்ளரிக்காய் வாங்கி வைத்துவிட்டேன்.