பெருச்சாளி வளையில் கிடைத்த எழுத்து

ஒரு காட்டில், தொல்பொருள் இலாகா வந்து சேரும்வரை, பொற்கொடி என்ற பெருச்சாளி தன் நான்கு குட்டிகளோடு நிம்மதியாக இருந்தாள். மேட்டுக்கு அடியில் அவள் வளை. வளையின் கோடியில், பாதி மண்ணில் புதைந்த பழைய தாழி ஒன்று. எவ்வளவு மழை பெய்தாலும் அதற்குள் ஒரு சொட்டு இறங்காது. குட்டிகள் அதில்தான் தூங்கும்.

ஒருநாள் அடைமழையில் மேடு சரிந்து தாழியின் கழுத்து வெளியே தெரிந்துவிட்டது. சேதி இலாகாவுக்குப் போயிற்று. கொக்கு அதிகாரி வந்து குளக்கரையில் கூட்டம் போட்டார்.

"இந்த மண்ணின் வரலாறு உங்களுடையது. உங்களைக் கேட்காமல் ஒரு பிடி மண்ணைக்கூட அள்ள மாட்டோம்!"

எல்லாரும் கைதட்டினார்கள். சுண்டல் கொடுத்தார்கள். சுண்டல் வேண்டுமானால் வருகைப் பதிவேட்டில் கால்ரேகை வைக்க வேண்டும். பொற்கொடி, கண் திறக்காத குட்டிகளுக்கும் சேர்த்து ஐந்து முறை வைத்தாள்.

மறுநாள் வளை வாசலில் ஒரு நோட்டீஸ் பலகை நின்றது. 'மக்களின் ஒருமித்த சம்மதத்துடன் இவ்விடம் காலி செய்யப்படுகிறது. அவகாசம் மூன்று நாள்.'

"நான் எப்போ ஐயா சம்மதிச்சேன்?" என்று பதறினாள் பொற்கொடி.

கொக்கு பதிவேட்டைப் புரட்டினார். "அஞ்சு தடவை சம்மதிச்சிருக்கீங்களே அம்மா. இந்தக் காட்டிலேயே அதிக ஆர்வம் உங்களுக்குத்தான்."

சொல்லிக்கொண்டே தாழியின் பக்கம் திரும்பியவர், அதன் கழுத்தில் இருந்த கீறல்களைக் கண்டு அலகைப் பிளந்தார். "மூவாயிரம் வருஷத்து எழுத்து!"

"எழுத்து இல்லீங்க ஐயா. போன வாரம் பல் தினவெடுத்துச்சு. நான்தான் கொறிச்சேன்."

கொக்கு கனிவோடு தலையாட்டியபடி குறிப்பேட்டில் எழுதினார்: 'தம் முன்னோர் பல்லால் எழுதியதாக உள்ளூர் மக்களிடையே ஒரு நம்பிக்கை நிலவுகிறது.'

"முன்னோர் இல்லீங்க, நான்!"

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. உங்க கருத்தைப் பதிவு பண்ணியாச்சு."

பொற்கொடிக்கு அழுகை முட்டியது. கொட்டுகிற மழையில் நாலு குட்டிகளையும் கவ்விக்கொண்டு எங்கே போவாள்? அழுகை ஆத்திரமாக மாறியது. பாய்ந்து போய் நோட்டீஸ் பலகையை நறநறவென்று கடித்துக் குதறினாள்.

கொக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பலகையைப் பார்த்தார். தாழியைப் பார்த்தார். அதே கீறல், அதே சாய்வு.

"ஆஹா! இங்கேயும் அதே எழுத்து! யாரும் தொடாதீங்க!"

சாயங்காலமே புது உத்தரவு வந்தது. நோட்டீஸ் பலகை இனிமேல் பாதுகாக்கப்பட்ட தொல்பொருள். தொல்பொருளை யாரும் பயன்படுத்தக் கூடாது. ஆகவே அந்த நோட்டீஸைக் காட்டி யாரையும் வெளியேற்றவும் கூடாது. மேட்டைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அதன் பிறகு காட்டுப்பூனைகூட வளைப் பக்கம் வர முடியவில்லை.

விடிந்ததும் வேலிக்கு வெளியே சலசலப்பு. பொற்கொடி எட்டிப் பார்த்தாள். முயல், கீரி, முள்ளம்பன்றி என்று நீளமான வரிசை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டீஸ்.

"அக்கா, எங்க பொந்தையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இதைக் கொஞ்சம் கடிச்சுக் குடுங்களேன்," என்றது முயல்.

பொற்கொடி பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"பழசாக் கடிக்கணுமா, ரொம்பப் பழசாக் கடிக்கணுமா?"

நீதி: மக்கள் பங்கேற்புக்குக் கூப்பிட்டால் தவறாமல் போங்கள், கையெழுத்தை மட்டும் பல்லால் போடுங்கள்.